மண்டோருக்கு விழுந்த அழுகை முகங்கள்

லுக்குட்டில் என் காரைப் பழுதுபார்க்கும் பட்டறைக்காரர் ஒருமுறை, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். தோட்டம் தோட்டமாகப் போவேன். வேலை பிடித்திருக்கிறதா, மேலே இருப்பவர் மரியாதையாக நடத்துகிறாரா, நாளைக்கும் இங்கேயே இருக்க ஆசையா என்று தொழிலாளர்களைக் கேட்பேன். கிடைக்கும் பதிலை மார்க்காக மாற்றித் தலைமை அலுவலகத்துக்குக் கொடுப்பேன் என்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சம்பளமும் குடுத்து, வேலையும் வாங்கிட்டு, சந்தோஷமா இருக்கியான்னும் கேப்பாங்களா? கட்டுனவன்கூட அதக் கேக்கறதில்ல லா."

கணக்கெடுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளா, நம் வேலைக்கு நான் கேட்டதிலேயே நல்ல விளக்கம் அதுதான். வேறு யாரும் கேட்காத ஒன்றை நாம் கேட்கிறோம். அதையும், இதுவரை யாரும் கேட்டிராதவர்களிடம் கேட்கிறோம். அதனால் பதில் நேராக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது சுற்றிக்கொண்டுதான் வரும். சில சமயம் பின்வாசல் வழியாக வரும்.

நான் இதற்கென்று படித்தவள் இல்லை. தோட்டத்து ஆபீஸில் ஆட்களுக்குப் பேர் போடும் கிராணியாக உட்கார்ந்தவள். சிரம்பான் தலைமை அலுவலகத்தில் இந்தக் கணக்கெடுப்பை ஆரம்பித்தபோது, ஜனங்களோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆள் ஒருத்தி வேண்டுமென்று என்னை இழுத்துப் போட்டார்கள். பேசுவதற்குச் சம்பளம் தருகிறார்களா என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரம் சிரித்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜனங்கள் வாய்விட்டுச் சொன்னதுதான். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், லோரி நிழலில், பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகை வாசலில் அவர்கள் போகிற போக்கில் சொன்னவை. உங்களுக்கு இப்போது கேள்வி கைப்பேசியில் போகிறது, பதிலும் அதிலேயே வருகிறது, வரைபடம் தானாக முளைக்கிறது. அதில் நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஒரு மண்டோரின் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கோலா சாவா பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே மருந்தடிக்கும் கும்பல் என்று ஒன்று உண்டு. எல்லோரும் பெண்கள். மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கிப் புல்லுக்கு மருந்தடிக்க வேண்டும். பாதிப் பேர் நம் தமிழ்ப் பெண்கள், மீதிப் பேர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அந்தக் கும்பலை நடத்திப் போகும் மண்டோர் தங்கராஜு. ஒல்லி, உயரம், காது மடலைத் தாண்டி வளர்ந்த கிருதா. வாயைத் திறந்தால் கிண்டல்.

நாங்கள் அப்போது தாளில்தான் கேட்டோம். எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ஐந்து முகங்கள் அச்சடித்திருக்கும். ஒரு கோடியில் வாய்நிறையச் சிரிக்கும் முகம், மறுகோடியில் கண்ணீர் விடும் முகம். பிடித்த முகத்தில் கோடு போட வேண்டியதுதான். பெயர் எழுத வேண்டியதில்லை. யார் போட்டார் என்பது எங்களுக்கே தெரியாது.

அந்த வருடம் தலைமை அலுவலகம் புதிதாக ஒரு முடிவு எடுத்திருந்தது. ஒரு தோட்டத்தில் ஆட்களிடம் மிகக் குறைந்த மார்க் வாங்கும் மண்டோரைக் கும்பலிலிருந்து எடுத்துவிட வேண்டும். நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவுதான். அதட்டியே பிழைத்த மண்டோர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு முடிவு இருப்பதை ஆட்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தாள்கள் சிரம்பானுக்கு வந்தன. மருந்தடிக்கும் கும்பலின் கட்டைப் பிரித்தபோது எனக்குக் கை நின்றுபோனது. 'காலையில் வேலைக்கு வரப் பிடிக்கிறதா?' சிரித்த முகம். 'கூட வேலை செய்பவர்கள் உதவுகிறார்களா?' சிரித்த முகம். 'உங்கள் மண்டோர் உங்களை நன்றாக நடத்துகிறாரா?' கண்ணீர் விடும் முகம். அடுத்த தாளிலும் கண்ணீர், அதற்கடுத்த தாளிலும் கண்ணீர். கட்டு முழுக்க அழுகை. ஒரே ஒரு தாளில் மட்டும் சிரித்த முகம். அதிலும் கோடு தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டிருந்தது.

மண்டோரைப் பிடிக்காத கும்பலுக்குக் காலையில் வேலைக்கு வரப் பிடிக்காது. தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அது தெரியும். இங்கே இரண்டும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

என் மேலதிகாரி ஒரு சீன அம்மையார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேசவும் மாட்டார். நான் கட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இது சரியில்லை என்றேன். அவர் புரட்டிப் பார்த்தார்.

"மார்க் சரியாகத்தான் இருக்கிறது. உன் முகம்தான் சரியில்லை. வெள்ளிக்கிழமை நான் மேலே அனுப்ப வேண்டும். அதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வா. ஆனால் ஒன்று. நீ போகும்போது இங்கே என்ன மார்க் இருக்கிறதோ, திரும்பி வரும்போதும் அதே மார்க்தான் இருக்கும்."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே பாடம் அந்த ஒரு வாக்கியம்தான் என்றுகூடச் சொல்வேன். அதன் பாரம் எனக்கு அப்போது தெரியவில்லை.

பெரட்டுக்குப் போய் நின்றேன். பெரட்டு என்றால் உங்களில் தோட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், விடியும் முன் ஆட்கள் எல்லோரும் ஒரு களத்தில் கூடி, யாருக்கு எங்கே வேலை என்று கேட்டுக்கொண்டு பிரிந்து போவது. அந்தக் களத்தின் நடுவில் ஒரு விளக்குக் கம்பம். அதன் வெளிச்சத்தில் பெண்கள் நின்றிருந்தார்கள். பலரும் கம்பத்துக்கு வலப்பக்கம், இரண்டு மூன்று பேர் மட்டும் இடப்பக்கம்.

தங்கராஜு வந்தார். கிண்டலைக் காணோம். தலையைத் தூக்காமல் பெயர்களை வாசித்தார். "மேட்டுக்காடு" என்றார், "ஆத்தோரம்" என்றார். கடைசியில் இடப்பக்கம் நின்றவர்களைப் பார்க்காமலே, "நீங்க நர்சரி" என்றார். நர்சரி என்றால் பையில் மண் நிரப்பிக் கன்று நடும் வேலை. நிழல் உண்டு, உட்கார்ந்து செய்யலாம். அவர்கள் ஒன்றும் பேசாமல் போனார்கள். மற்றவர்களும் ஏன் அவர்களுக்கு மட்டும் என்று கேட்கவில்லை. அது எனக்கு வியப்பாக இருந்தது. சுலபமான வேலை யாருக்குப் போகிறது என்பதில் பெரட்டுக் களத்தில் முணுமுணுப்பு இல்லாமல் இருக்காது.

ஆட்கள் லோரி ஏறிய பிறகு தங்கராஜுவை ஸ்டோர் பக்கம் பிடித்தேன். தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"பசியாறியாச்சா மண்டோர்?"

"ஆச்சு மேடம்." ஆகவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் தொட்டியைக் கழுவினார். "மேனேஜர் காட்டிட்டாரு மேடம். என் மார்க்கு."

மேனேஜர் ஜெகதீசன் சிரம்பான் பக்கத்து ராசாவில் பிறந்து வளர்ந்த இளைஞர். எதையும் மறைத்துப் பேசத் தெரியாத நேர்மையான பிள்ளை. மார்க்கின் நகல் ஒன்று தோட்டத்துக்கும் போகும். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று நினைத்து அதைக் காட்டியிருக்கிறார்.

"எனக்கு ஒரு சந்தேகம் மேடம். அந்த மூஞ்சிப் படத்தத் தலைகீழாப் புடிச்சிட்டாங்களோ?"

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"திட்டியிருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும். மூஞ்சிக்கு நேரா சிரிச்சிட்டு, தாள்ல இப்படிப் போட்டா, நான் எதத் திருத்திக்கறது? ராத்திரி பூரா யோசிச்சிப் பாத்துட்டேன். யார என்ன பண்ணேன்னு வர மாட்டேங்குது." தொட்டியைத் தட்டிக் கடைசித் தண்ணீரை வடித்தார். "மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க தூக்கறதுக்கு முன்னாடி நானே வெள்ளிக்கிழமையோட ஸ்டோருக்கு வந்துர்றேன்னு. இங்க யாரும் எனக்கு மூஞ்சி போட மாட்டாங்க பாருங்க. வெறும் மருந்து டப்பாதான்."

மனிதர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தன் குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தார். இல்லாத குற்றத்தைத் தேடுகிறவனுக்கு ஆறுதல் சொல்வது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தேத்தண்ணி நேரத்துக்கு மேட்டுக்காட்டில் கும்பலைப் பிடித்தேன். செம்பனை நிழலில் மட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பார்வதிதான் அந்தக் கும்பலின் வாய். ஐம்பதைத் தொடும் வயது, பெரிய மூக்குத்தி, யாருக்கும் பயப்படாத குரல். நகர்ந்து இடம் விட்டு என்னை உட்காரச் சொல்லித் தன் தேத்தண்ணியில் பாதியை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள்.

"என்ன மேடம், மறுபடியும் மூஞ்சியா? போன வாரந்தான போட்டோம்."

"மூஞ்சி வேணாம். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஆபீஸ்காரங்க சும்மா வந்தா மழை வரும்" என்றாள் பக்கத்தில் இருந்த இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு பார்வதியே ஆரம்பித்தாள். "மேடம், நீங்க அண்ணனப் பாத்தீங்களா? ரெண்டு மூணு நாளா ஒரு மாதிரி இருக்காரு. ஒரு பேச்சு இல்ல, ஒரு நக்கல் இல்ல. நேத்து நானே வலிய வம்புக்கு இழுத்தேன், சரிம்மான்னு போயிட்டாரு. சரிம்மாவாம். அவரு வாயில அந்த வார்த்தையே வராது. வீட்டுக்காரம்மாகிட்டயும் கேட்டேன். அங்கயும் அப்படித்தானாம்."

"டாக்டரப் பாக்கச் சொல்லணும்" என்றாள் யாந்தி. அவள் இந்தோனேசியப் பெண். கும்பலோடு சேர்ந்து தமிழ் பழகியவள். தமிழில் சண்டையும் போடுவாள்.

என் கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. இதுதான் பிள்ளைகளா, கையேட்டில் நீங்கள் தேடினாலும் கிடைக்காத இடம். யார் எந்த முகம் போட்டார்கள் என்பதைச் சொல்லக் கூடாது. அது எனக்கே தெரியாது. ஆனால் கும்பல் முழுக்கச் சேர்ந்து போட்ட மார்க் கும்பலுக்குச் சொந்தம். அதை அவர்களிடமிருந்து மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று முடிவு செய்தேன்.

"அவருக்கு ஒடம்புக்கு ஒன்னும் இல்ல பார்வதி. நீங்க போட்ட மார்க்க மேனேஜர் காட்டிட்டாரு."

பார்வதி என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். நான் தொடர்ந்தேன்.

"குறைஞ்ச மார்க் வாங்குற மண்டோர எடுத்துடணும்னு இந்த வருஷம் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அவரு அதுவரைக்கும் காத்திருக்கல. வெள்ளிக்கிழமையோட ஸ்டோருக்குப் போறேன்னு தானே சொல்லிட்டாரு."

பார்வதி தன் தேத்தண்ணிப் போத்தலைக் கீழே வைத்தாள். வைத்த இடம் சரிவு. அது உருண்டு போய் ஒரு மட்டையில் மோதி நின்றது. யாரும் எடுக்கவில்லை.

"எடுத்துடுவாங்களா? மார்க்கு கொறைஞ்சா எடுத்துடுவாங்களா?"

"ஆமா."

"கூடுனாத்தான எடுப்பாங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அதற்கு முந்தின வருடம் அந்தத் தோட்டத்து மருந்தகத்தில் ஒரு டிரெஸ்ஸர் இருந்தார். காய்ச்சல், காயம் எல்லாம் பார்க்கிறவர். எந்த நேரத்தில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். அந்த வருடக் கணக்கெடுப்பில் ஜனங்கள் அவருக்குச் சிரித்த முகமாக அள்ளிப் போட்டார்கள். தலைமை அலுவலகத்துக்கு மகிழ்ச்சி. இவ்வளவு நல்ல ஆளா என்று பாராட்டி, சம்பளத்தை உயர்த்தி, பெரிய தோட்டம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு இங்கே மருந்தகம் வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்தது.

"போன தடவ டிரெஸ்ஸருக்கு அள்ளிப் போட்டோம். அலேக்கா தூக்கிட்டுப் போயிட்டீங்க" என்றாள் பார்வதி. "அதான் இந்தத் தடவ லோரியில வரும்போதே பேசி வெச்சிட்டோம். அண்ணனுக்கு எல்லாரும் அழுகை மூஞ்சிதான் போடணும். ரொம்ப மோசமான ஆளுன்னு நெனச்சி யாரும் கேட்டு வர மாட்டாங்க. நம்மகூடவே கெடப்பாருன்னு."

"நான் கேட்டேன்" என்றாள் யாந்தி. "பாவம் லா, அப்படிப் போட்டா பாவம் இல்லியான்னு கேட்டேன். பார்வதி அக்காதான் சொல்லிச்சு, தாள்ல அழுதா நெசத்துல சிரிக்கலாம்னு."

இத்தனை வருடத்தில் எத்தனையோ விதமான பொய் மார்க் பார்த்துவிட்டேன். பயத்தில் போட்டது, கோபத்தில் போட்டது, சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டுமென்று கண்ணை மூடிக்கொண்டு போட்டது. ஆளைக் கைவிட மனசில்லாமல் போட்ட பொய்யை அன்றுதான் பார்த்தேன்.

"அப்படி என்ன பண்றாரு உங்க மண்டோர்?" என்று கேட்டேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்வதி குரலைத் தாழ்த்தினாள். அதுவரை 'மேடம்' என்று கூப்பிட்டவள் 'அக்கா' என்றாள்.

"அக்கா, காலையில கம்பத்துக்கிட்ட பாத்தீங்கல்ல. இன்னிக்கு முடியாதுன்னு இருக்கறவ கம்பத்துக்கு எடப்பக்கம் போயி நின்னுக்குவா. வயித்து வலியா இருக்கும், மாசத்து நாளா இருக்கும், வீட்டுல அடி வாங்கிட்டு வந்திருப்பா, இல்ல மனசே சரியில்லாம இருக்கும். அண்ணன் கேக்க மாட்டாரு. நர்சரின்னுட்டுப் போயிடுவாரு. நாங்களும் கேக்க மாட்டோம். ஒருத்தியும் சும்மா போயி நிக்கவும் மாட்டா. முன்ன இருந்த மண்டோர்கிட்ட லீவு கேட்டா, என்ன வலி, எங்க வலின்னு அத்தன ஆம்பளைங்க முன்னாடி கேப்பாரு. செத்தாலும் பரவால்லன்னு தொட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கோம்."

காலையில் தலையைத் தூக்காமல் பெயர் வாசித்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். தனக்கு அழுகை முகம் போட்டவர்கள் என்று தெரிந்தும், அன்றைக்கும் இடப்பக்கத்தை அவர் மறக்கவில்லை.

"இன்னொரு தாள் குடுங்க அக்கா. எல்லாரும் சரியாப் போட்டுத் தர்றோம்" என்றாள் ஒருத்தி.

தரவில்லை. அவர்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் நல்லதுக்காக நான் ஒரு மார்க்கை மாற்றினால், நாளைக்கு இன்னொருவர் கெட்டதுக்காக மாற்றுவதை எந்த வாயால் தடுப்பேன்? சீன அம்மையாரின் வாக்கியம் எவ்வளவு பாரம் என்று அந்த மரத்தடியில்தான் தெரிந்தது. தாளை மாற்ற மாட்டேன், உங்களுக்காகப் பேசுகிறேன், என்ன சொல்லலாம் என்று கேட்டேன்.

"டிரெஸ்ஸர் கதையச் சொல்லுங்க. நாங்கதான் பேசி வெச்சிப் போட்டோம்னு சொல்லுங்க, பரவால்ல. எடப்பக்கத்த மட்டும் சொல்லிடாதீங்க. ஆபீஸ்ல தெரிஞ்சா அதுக்கும் ஒரு ஃபாரம் அடிப்பாங்க. கையெழுத்துப் போட்டுட்டு நில்லுன்னுவாங்க."

சொன்னதில் தப்பே இல்லை. நாம் அப்படித்தான் செய்திருப்போம்.

கிளம்பும்போது பார்வதி மட்டும் கூட வந்தாள். "எல்லாருமே அழுகைதான் போட்டாங்களா அக்கா?" என்று கேட்டாள்.

"அது சொல்லக் கூடாது பார்வதி."

"சரி, சரி" என்று திரும்பிவிட்டாள்.

ஜெகதீசன் ஆபீஸில் இருந்தார். டிரெஸ்ஸர் கதையையும் லோரியில் பேசிவைத்ததையும் சொன்னேன்.

"அப்ப அவரு நல்ல மண்டோர்."

"ரொம்ப நல்ல மண்டோர்."

"எப்படின்னு ஒரு உதாரணம் சொல்லுங்க மேடம். நான் மேல எழுதணும்ல."

கையில் இருந்த உதாரணம் ஒன்றே ஒன்று. அதைச் சொல்லக் கூடாது. "எங்கிட்ட இருக்கு சார். ஆனா அது என்னோடது இல்ல" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. நாற்காலியில் சாய்ந்து, முகம் மலர்ந்து, நான் பயந்த அந்த வார்த்தையைச் சொன்னார். "நீங்க சொல்றது நெசம்னா, அவர ஆத்துக்கு அந்தாண்ட டிவிஷனுக்கு அனுப்பலாம் மேடம். அங்க கும்பல் ஒன்னு ஒடைஞ்சி கெடக்கு. இந்த மாதிரி ஆளுதான் வேணும். சம்பளமும் கூடும்."

பார்வதியின் கணக்கு துளியும் பிசகவில்லை. குறைந்தால் தள்ளுவோம், கூடினால் தூக்குவோம். நம் தாளில் இருந்த ஐந்து முகத்தில் எதில் கோடு போட்டாலும் அந்தப் பெண்களுக்கு அவர் மிஞ்ச மாட்டார். வேலையை விட்டு வந்த பிறகும் என்னைத் தூங்கவிடாத எண்ணம் இது. என்ன மாற்ற வேண்டும் என்று ஊரெல்லாம் கேட்டிருக்கிறோம். எதை மாற்றக் கூடாது என்று ஒரு தாளிலும் நாங்கள் கேட்டதில்லை.

"சார், நாளைக்குப் பெரட்டுக்கு வாங்க" என்றேன். "அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. இங்க எத மாத்தக் கூடாதுன்னு. நான் கேட்டா அது தாளோட போயிடும். நீங்க கேக்கணும்."

மறுநாள் வியாழன். இரவு நல்ல மழை. களம் சேறாகிக் கிடந்தது. ஜெகதீசன் தன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து கம்பத்தடியில் நின்றார். தங்கராஜு கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார், பிரிவுபசாரத்துக்கு வந்தவர் போல.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் சொன்ன கேள்வியைக் கேட்டார். பெண்களுக்கு அது கேட்டுப் பழக்கம் இல்லாத கேள்வி. ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஜெகதீசன் என்னைப் பார்த்தார். நான் சேற்றைப் பார்த்தேன்.

பார்வதி ஓரடி முன்னால் வந்தாள்.

"இவர மாத்தாதீங்க சார்." தங்கராஜுவை விரல் நீட்டிக் காட்டினாள். "மேல ஏத்தவும் வேணாம், கீழ எறக்கவும் வேணாம். எங்களுக்கு விட்டுடுங்க. அழுகை மூஞ்சி போட்டது நாங்கதான். நீங்க தூக்கிட்டுப் போயிடுவீங்கன்னு பயந்துக்கிட்டுப் போட்டோம். அண்ணே, ஒங்களுக்குந்தான் சொல்றேன். மூணு நாளா சரிம்மா, சரிம்மான்னு உயிர வாங்காதீங்க."

யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். தங்கராஜு பெயர்த் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தாளுக்கு மேலே அவர் நெற்றி மட்டும் தெரிந்தது.

பிறகு வாசிக்க ஆரம்பித்தார். மேட்டுக்காடு, ஆத்தோரம். குரல் முதலில் கரகரத்து, பிறகு சரியானது. கடைசியில் இடப்பக்கம் திரும்பினார். அன்றைக்கு அங்கே நின்றது யாந்தி, ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி. அவளுக்குப் பக்கத்தில், சேறு இல்லாத இடம் அதுதான் என்பதால், மேனேஜர்.

தங்கராஜு அவளைப் பார்த்தார். மேனேஜரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாந்தி, நர்சரி" என்றார். "சார், நீங்களும் நர்சரி."

களம் முழுக்கச் சிரித்தது. பார்வதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். ஜெகதீசன் ஒன்றும் புரியாமல், ஏன் என்று கேட்பதற்கு வாயைத் திறந்தார். பக்கத்தில் யாந்தி சிரிக்கவில்லை. இடுப்பில் ஊன்றிய கையை எடுக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். வலப்பக்கம் நின்ற பெண்கள் எல்லோரும் திடீரென்று வேறு எங்கோ பார்ப்பதைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"சரி மண்டோர்" என்றார். அன்று காலை கொஞ்ச நேரம் நர்சரியில் உட்கார்ந்து பையில் மண்ணும் நிரப்பினார். கோணலாகத்தான் நிரப்பினார்.

இந்த மண்டோரை இங்கேயே வைத்துக்கொள்கிறேன், பொறுப்பு என்னுடையது என்று அவரே மேலே எழுதினார். உதாரணம் எதுவும் எழுதவில்லை. சீன அம்மையார் அதையும் மார்க்கையும் சேர்த்தே அனுப்பினார். நான் கொண்டுபோன மார்க்தான் திரும்பி வந்தது. அந்த வருடத்து அட்டவணை இப்போதும் உங்கள் கணினியில் இருக்கும். தேடினால் கடைசி வரியில் தங்கராஜு இருப்பார். பதிந்ததில் ஏதோ தவறு என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். நாம் அனுப்பியதிலேயே அன்பான வரி அது.

அடுத்த வருடத் தாளில் கடைசிக் கேள்வியாக, இங்கே எதை மாற்றக் கூடாது என்று சேர்த்தோம். முகம் இல்லாத கேள்வி. எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்ல, நாங்கள் கேட்டு எழுதினோம். உங்கள் கைப்பேசியில் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

இடப்பக்கத்து விஷயத்தைப் பார்வதியைக் கேட்காமல் எழுதவில்லை. போன தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, இளம் பிள்ளைகளுக்கு இதை எழுதலாமா என்று கேட்டேன். முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"எழுதுங்க அக்கா. மத்த தோட்டத்துலயும் கம்பம் இருக்குல்ல."

பிறகு வாசல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கட்டுல ஒரே ஒரு சிரிச்ச மூஞ்சி இருந்துச்சா?"

நான் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். சொல்லக் கூடாது என்பது இன்னும் பழக்கத்தில் இருக்கிறது.

"நீங்க சொல்ல வேணாம். அது நாந்தான். அத்தன பேரையும் அழுகை போட வெச்சிட்டு, எனக்குக் கை வரல. கோடு போட்டுட்டு, யாரும் பாத்துடுவாங்களோன்னு தாள நாலா மடிச்சிப் போட்டேன்." முறுக்கு ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். "அதையும் எழுதிக்குங்க. அண்ணனுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா மேட்டுக்காட்டுக்கும் ஆத்தோரத்துக்கும் கேக்கற மாதிரி அதையே சொல்லிக்கிட்டுத் திரிவாரு."